இன்னொரு தடவை கேட்டால்

அந்த வீட்டில் யாரும் முதல் தடவையே உண்மையைச் சொல்ல மாட்டார்கள். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பார்கள். அது மரியாதைக்கு. மறுபடி கேட்டாலும் வேண்டாம்தான். அது பிகு. அதற்கப்புறமும் கேட்டால்தான் தட்டு லேசாக முன்னால் நகரும். அத்தை வந்துவிட்டால் இந்தக் கச்சேரி இன்னும் நீளும். சோறு ஆறி அவலாகிவிடும், அத்தை மசிய மாட்டாள். கடைசியில் எல்லோரையும்விட ஒரு பிடி கூடவே சாப்பிட்டுவிட்டு, நீங்க விட்டாத்தானே என்று அலுத்துக்கொண்டு கை கழுவப் போவாள்.

இந்த விஷயத்தில் அம்மாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. தொழிலும் அப்படி அமைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு இருக்கிறார்களா என்று கேட்டு உள்ளே அனுப்புவது அவள் வேலை. காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்றால் எல்லோரும் சத்தியம் பண்ணாத குறையாக இல்லை என்பார்கள். அம்மா தலையணையைச் சரிசெய்தபடியே, போகிற போக்கில், மறுபடி கேட்பாள். "ஒரு வாய் காபிதான் சிஸ்டர்" என்று அப்போதுதான் வெளியே வரும். மனுஷங்க முதல்ல சொல்றதை நம்பினா என் வேலை போயிடும் என்று வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பாள்.

மகளுக்குப் பதினாறு வயது. அப்பாவின் தோளுக்கு மேல் வளர்ந்த பிறகும் வீட்டில் அவளுக்கு வாண்டு என்றுதான் பெயர். வெளிநாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிக்க இடம் கிடைத்தது. விண்ணப்பம் போட்டதும் அவள்தான், கிடைத்ததும் வீட்டுக்குள் குதித்ததும் அவள்தான். ஒரு வருஷம் போய்ப் பார்க்கட்டும், பிடித்திருந்தால் பள்ளிப்படிப்பு முடியும்வரை அங்கேயே இருக்கட்டும், இல்லையென்றால் திரும்பி வந்துவிடட்டும் என்று பேசி முடிவானது.

பள்ளிக்கூடமே ஒரு வீட்டில் தங்க ஏற்பாடு செய்திருந்தது. வீட்டுக்காரம்மா பஸ் ஓட்டுகிறவள். அகலமான தோள், கணீரென்ற குரல், தங்கமான மனசு. கட்டிலில் புதுப் போர்வை விரித்து, மேஜையில் படிக்க விளக்கு வைத்து, அலமாரியில் பாதியைக் காலிசெய்து வைத்திருந்தாள். முதல் நாள் சூப்பும் ரொட்டியும் வைத்தாள். இன்னும் வேணுமா என்று கேட்டாள். வாண்டு மரியாதையாக வேண்டாம் என்றாள்.

வீட்டுக்காரம்மா சரி என்று பாத்திரத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டாள்.

வாண்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படியும் ஒரு பொம்பளை உண்டா? வயிறு கபகபவென்று எரிந்தது. அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து அம்மா வைத்த பிஸ்கட்டைத் தின்றாள். மறுநாளும் அதே கதைதான். பள்ளிக்கூடத்தில் பக்கத்து இருக்கைப் பெண், சாயங்காலம் எங்க வீட்டுக்கு வர்றியா என்று கேட்டாள். பரவாயில்லை என்றதும் பையைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டாள். வாலிபால் டீமில் சேர்கிறாயா என்று மாஸ்டர் கேட்டார். வாண்டு தலையைக் குனிந்துகொண்டு, எனக்கெல்லாம் எங்க சார் வரும் என்றாள். அவர் அடுத்த பெண்ணைக் கேட்கப் போய்விட்டார். போன அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உலகத்தில் தன்னை இன்னொரு தடவை கேட்க ஒரே ஒருத்திதான் இருக்கிறாள், அவளும் கடல் தாண்டி இருக்கிறாள் என்று தோன்றியது. ராத்திரி படுத்தால் அம்மா கரண்டியோடு தலைமாட்டில் வந்து நிற்பதுபோல் இருக்கும். கரண்டி பாத்திரத்து விளிம்பில் தட்டுகிற சத்தம்கூடக் கேட்கும்.

பிஸ்கட் காகிதங்கள் குப்பைத்தொட்டியில் நிறைந்ததைப் பார்த்து வீட்டுக்காரம்மாதான் விஷயத்தை உடைத்தாள். பசித்தால் ஏன் சொல்லவில்லை என்றாள். வாண்டு திக்கித் திணறி, எங்கள் வீட்டில் மறுபடி கேட்பார்கள் என்றாள். வீட்டுக்காரம்மா கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"நீ வேணாம்னு சொன்ன. நான் திரும்பக் கேட்டா, நீ பொய் சொல்றன்னு சொன்ன மாதிரி ஆகாதா? உன் பேச்சுக்கு என்ன மதிப்பு அப்புறம்?"

வாண்டு இதை யோசித்தே பார்த்ததில்லை. அதற்குப் பிறகு கேட்டவுடன் ஆமாம் என்று சொல்லப் பழகினாள். முதலில் நாக்கு கூசியது. பிறகு பழகிவிட்டது. மாஸ்டரிடம் அவளே போய்க் கேட்டு டீமில் சேர்ந்தாள். பக்கத்து இருக்கைக்காரி வீட்டுக்குப் போய்வந்தாள். பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் நேரம் போவதே தெரியவில்லை. கன்னத்தில் சதை வைத்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் வாய் நீண்டது. ஒருநாள் போனில் அம்மா வழக்கம்போல, சாப்பிட்டியா, நிஜமாவா, என்ன சாப்பிட்ட, வயிறு நிறையவா என்று அடுக்கியபோது வாண்டு சொன்னாள். "ஒரு தடவை கேட்டா போதும்மா. திரும்பத் திரும்பக் கேக்கிறது, நான் சொல்றதை நம்பாத மாதிரி இருக்கு. இங்கல்லாம் யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்க."

அம்மா ம் என்றாள். போனை வைத்த பிறகும் அந்த ம் வாண்டுவின் காதிலேயே இருந்தது. சொன்னதைத் திரும்ப எடுக்க வழியில்லை. அன்றிலிருந்து அம்மா சாப்பிட்டியா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். ஆச்சும்மா என்றால் சரிம்மா என்று அப்பாவிடம் போனைக் கொடுத்தாள். வாண்டு அறையில் உட்கார்ந்து, இன்னொன்று கேட்க மாட்டாளா என்று ஏங்கினாள்.

வருஷம் முடிந்து லீவுக்கு வந்தாள். விமான நிலையத்தில் அப்பா வாண்டு என்று கத்தியதில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து கை கழுவித் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் அவளுக்கு உயிரே திரும்பி வந்ததுபோல் இருந்தது. அம்மா சோறு போட்டு, குழம்பு ஊற்றி, தின்னும்வரை நின்று, இன்னும் கொஞ்சம் என்று கேட்டாள்.

வேண்டாம்மா என்றாள் வாண்டு. பழைய ஆசை, பழைய குரல். தட்டைக்கூட லேசாக மறைத்துக்கொண்டாள்.

அம்மா சரிம்மா என்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

லீவு முழுக்க இப்படித்தான். விருந்தாளிக்கு நடப்பதுபோல் எல்லாம் மரியாதையாக நடந்தது. சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே வீட்டுக்கு ஏங்கினாள். அத்தைகூட வந்து பார்த்துவிட்டு, உங்கம்மாவுக்கு என்ன ஆச்சு, என்னையும் ஒரு வார்த்தைதான் கேட்டா, அரை வயித்தோட எந்திரிச்சேன் என்று முணுமுணுத்தாள்.

பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் வந்தது. அம்மா வேலையிலிருந்து வந்து, உடை மாற்றிக்கொண்டு, அடுப்படியில் நின்றாள். வாண்டு தரையில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"திரும்பப் போறியாம்மா?" என்றாள் அம்மா.

"போறேம்மா."

அம்மா சரி என்றாள். திரும்பி அடுப்பைத் துடைத்தாள். சுத்தமான இடத்தையே துடைத்தாள். வாண்டு காத்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு "நிஜமாவா" போதும்.

"அம்மா, இன்னொரு தடவை கேளேன்."

அம்மா திரும்பவில்லை.

"நான் அன்னிக்குச் சொன்னது தப்பும்மா. கேளு."

"நீ சொன்னதுக்காகவா கேக்காம இருக்கேன்?" அம்மாவின் குரல் உடைந்தது. "சோத்துக்குக் கேட்டுப் பழகினா இதுக்கும் கேட்ருவேன். கேட்டா நீ போகலன்னு சொல்லிடுவ. நானும் சரின்னு சொல்லிடுவேன்."

அம்மா சொன்னது அத்தனையும் உண்மை. அங்கே டீம் இருக்கிறது, ஆய்வுக்கூடம் இருக்கிறது, அவளே கேட்டு வாங்கிய இடம் இருக்கிறது. இங்கே இன்னொரு கேள்வி வந்தால் அத்தனையையும் விட்டுவிட்டு இந்த அடுப்படித் தரையிலேயே இருந்துவிடுவாள்.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு பாத்திரத்தோடு வந்தாள். வேணுமா என்று கேட்கவில்லை. ஒரு கரண்டி வைத்தாள், அவள் வாயைத் திறப்பதற்குள் இன்னொன்றும் வைத்தாள். வாண்டு வேண்டாம் என்று சொல்லாமல் குனிந்து சாப்பிட்டாள்.