ஏழாம் இலக்கக் கூடாரத்தில் இரண்டு பேர்

தோளில் கிடந்த பையை இறக்கி வைப்பதற்கு முன்னமே வல்லிபுரம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"தம்பி, இஞ்ச தண்ணி எத்தினை மணிக்கு விடுவியள்?"

புஸ்பராணிக்கு அந்த இடத்திலேயே மனம் விட்டுப்போயிற்று. முன்னால் கடல் கிடந்தது. சவுக்கு மரங்களின் கீழ் ஒன்பது கூடாரங்கள் வரிசையாக நின்றன. ஆவணி மாதத்துக் கடல், ஒரு சுருக்கமும் இல்லாமல், தோய்த்துக் காயப்போட்ட சீலை மாதிரி. இந்த மனுசன் ஒரு தடவையாவது அந்தப் பக்கம் பார்த்தாரா? இல்லை. திடலின் மூலையில் நின்ற ஒற்றைக் குழாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

திடலைப் பார்த்துக்கொள்ளும் முத்தலிப் கிண்ணியாக்காரர். நாற்பது வயதிருக்கும். சாவிக் கொத்தை விரலில் சுழற்றியபடி மறுமொழி சொன்னார்.

"காலையில ஆறுக்கு ஒருக்கா, பின்னேரம் நாலுக்கு ஒருக்கா வரும் ஐயா. ஒரு மணித்தியாலம் வரும். தண்ணி லொறி, பவுசர் வந்து தாங்கியை நிரப்பினாத்தான் அதுவும்."

"ஒன்பது கூடாரத்துக்கும் ஒரு குழாயோ?"

"ஒண்டுதான் இரிக்கி."

வல்லிபுரம் மெல்லத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் புஸ்பராணி நன்றாக அறிவாள். ஒன்பது வருஷம் பார்த்த தலையாட்டல் அது.

இரண்டாயிரத்து ஆறில் யுத்தத்தால் சம்பூரை விட்டு ஓடியவர்கள், இரண்டாயிரத்துப் பதினைந்தில்தான் திரும்பி வந்தார்கள். இடையில் கிடந்த வருஷங்களெல்லாம் தறப்பாளும் தகரமுமாக முகாம்களில் போயின. அதற்கு முன் சங்கக்கடை மனேச்சராக இருந்த வல்லிபுரம், முகாமில் செயலாளர் ஆனார். யார் எந்தக் கொட்டில், எத்தனை அங்கத்தவர், யாருக்கு நுளம்பு வலை கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, எல்லாம் அவருடைய கொப்பியில் இருந்தன. ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கை ஓயவில்லை. கோயில் நிர்வாகம், கமக்காரர் அமைப்பு, மரண உதவிச் சங்கம் என்று எங்கே பட்டியல் எழுத ஆள் தேவையோ அங்கே வல்லிபுரம் நின்றார். விடிந்தால் படலையடியில் யாராவது ஒரு கடுதாசியோடு நிற்பார்கள்.

மட்டக்களப்பில் வேலை செய்யும் மகள் நிஷாந்தினிதான் இந்தப் பயணத்தை ஒழுங்கு செய்தாள். போனில் அவள் விஷயத்தைச் சொன்னபோது புஸ்பராணிக்கு முதலில் பதைத்தது.

"என்னடி, திரும்பவும் முகாமோ?"

"ஐயோ அம்மா, இது துரத்திப் போறதில்லை, விரும்பிப் போறது. கடற்கரையில கூடாரம் போட்டுத் தருவினம். ரெண்டு நாள் சும்மா இருந்திட்டு வாங்கோ."

சும்மா இருப்பது. அந்தச் சொல் புஸ்பராணிக்குப் பிடித்துக்கொண்டது. சம்பூரிலும் கடல் பக்கத்தில்தான். ஆனால் கூடையோ, விறகோ, கருவாட்டுப் பாயோ இல்லாமல் அவள் கடற்கரைக்குப் போனதில்லை. கலியாணம் கட்டி முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாளாவது புருசனோடு சேர்ந்து கடலில் குளித்ததில்லை. அதைச் சொன்னால் மகள் சிரிப்பாள் என்று சொல்லவில்லை. முதல்நாள் காலையில் சூரியன் ஏறும்போது இருவரும் கடலில் இறங்க வேண்டும் என்று வல்லிபுரத்திடம் மட்டும் சொன்னாள். நாற்பத்தைந்து கிலோமீற்றர் சுற்றி வந்ததே அதற்காகத்தான்.

"கொப்பி, பேனை, கூட்டம் ஒண்டும் இல்லை. அப்பா, சத்தியம் பண்ணுங்கோ" என்று மகள் போனுக்குள் இருந்து கத்த, வல்லிபுரம் தலையில் கைவைத்துச் சொன்னார்.

"ஓம் பிள்ளை, ஓம். ரெண்டு நாளும் கொம்மாவின்ர நாள். அவ நில் எண்டால் நிப்பன், இரு எண்டால் இருப்பன்."

புஸ்பராணி அப்படியும் நம்பவில்லை. வெளிக்கிடும்போது அவருடைய பையைக் கவிழ்த்துத் தேடி, சாரத்துக்குள் சுற்றியிருந்த கொப்பியை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வந்தாள்.

அவர்களுக்குக் கிடைத்தது ஏழாம் இலக்கக் கூடாரம். வாசல் கடலைப் பார்த்து இருந்தது. புஸ்பராணி உள்ளே பாயை விரித்து, வாசலில் தலை வைத்து ஐந்து நிமிஷம் படுத்திருப்பாள். கண்ணைத் திறந்தால் கூடாரம் அசைகிறது.

"என்ன செய்யிறியள்?"

"முளையைப் பிடுங்கிறன். நீ எழும்பாதை, படு."

"ஏன் பிடுங்கிறியள்?"

"வாசல் பிழை. காத்து நேர உள்ளுக்கு அடிக்கும். இந்தப் பக்கம் திருப்பினால் தடுக்கும்."

"காத்து அடிக்கத்தானே வந்தனாங்கள்!"

கேட்டால்தானே. அடுத்த கூடாரத்தில் இருந்த மூதூர்ப் பொடியன் நஸ்ரியையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருப்பினார்கள். எல்லாம் முடிந்த பிறகு புஸ்பராணி வாசலில் குந்திப் பார்த்தாள். கடல் முதுகுப்பக்கம் போய்விட்டது. நேர் எதிரே, ஒரு மறைப்பும் இல்லாமல், குழாய்.

"நல்லாத் தெரியுது" என்றாள் அவள்.

வல்லிபுரத்துக்கு அதிலிருந்த குத்தல் விளங்கவில்லை. "ஓம், நல்ல இடம்" என்றார். பிறகு முத்தலிப்பிடம் மண்வெட்டி வாங்கிவந்து, கூடாரத்தைச் சுற்றி மழைத்தண்ணி ஓட வாய்க்கால் வெட்டத் தொடங்கினார். இரண்டு மாதமாக அந்தப் பக்கம் ஒரு துளி மழை இல்லை.

நாலு மணிக்குத் தண்ணி வந்தது. அதோடு சண்டையும் வந்தது. நாலாம் இலக்கக் கூடாரத்தில் பதுளையிலிருந்து வந்த வாத்திமார் ஒன்பது பேர் நின்றார்கள். அவர்கள் வாளிகளும் கான்களும் போத்தல்களுமாகக் குழாயைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். கைக்குழந்தையோடு நின்ற நஸ்ரியின் மனைவி அம்ரா வெறும் வாளியோடு திரும்பி வந்தாள். யாரோ யாரையோ தள்ளினார்கள். ஒரு வாளி கவிழ்ந்தது.

வல்லிபுரம் எழும்பினார்.

"இருங்கோ" என்றாள் புஸ்பராணி.

"ஒரு பத்து நிமிஷம்."

"நான் இரு எண்டால் இருப்பன் எண்டு சொன்னனீங்கள்."

"ஓமப்பா, இருக்கிறன். இதை ஒருக்காப் பாத்திட்டு வந்து இருக்கிறன்."

கொப்பி அலுமாரிக்குள் இருந்தால் என்ன? முத்தலிப்பின் பதிவுப் புத்தகத்தில் பின்பக்கம் வெறுமையாகத்தானே கிடந்தது. வல்லிபுரம் அதில் ஒற்றைத் தாளொன்றைக் கிழித்து, அடிமட்டம் இல்லாமலே நேராகக் கோடு போட்டார். கூடார இலக்கம். குடும்பத் தலைவர் பெயர். அங்கத்தவர். வாளி. கடைசியில் குறிப்பு. பிறகு ஒவ்வொரு கூடாரமாகப் போய்க் கேட்டார்.

"எத்தினை அங்கத்தவர்?"

"நாங்க ஒம்போது பேருங்க சேர்" என்றார் பதுளை வாத்திமாரில் மூத்தவர்.

"குடும்பத் தலைவர் ஆர்?"

வாத்திமார் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "குடும்பம் எல்லாம் வீட்டுல இருக்குங்க. இங்க தலைவரே இல்லைங்க சேர், அதான் இந்தக் கூத்து."

ஐந்து மணிக்குள் எல்லாருக்கும் தண்ணி கிடைத்துவிட்டது. அதுதான் புஸ்பராணிக்கு இன்னும் எரிச்சல். பிழையாய்ப் போயிருந்தாலாவது வாயைத் திறந்து நாலு கேட்டிருக்கலாம். எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்கள். முத்தலிப் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்து, "நம்மட தலைவர்" என்று தோளில் தட்டினார். பொழுதுபடுவதற்குள் அந்தப் பெயர் திடல் முழுக்கப் பரவிவிட்டது.

அந்தப் பட்டியல் எங்கே தொடங்கியது என்பது புஸ்பராணிக்கு மறக்கவில்லை. முகாமுக்குப் போன முதல் மாதம், தண்ணி பவுசரடியில் நடந்த இழுபறியில் யாரோ வீசிய கான் அவளுடைய நெற்றியில் பட்டு மூன்று தையல் போட்டார்கள். அடுத்த நாள் விடிய வல்லிபுரம் கொப்பியும் கையுமாகப் பவுசரடியில் நின்றார். அதன்பிறகு அங்கே யாருக்கும் அடிபடவில்லை. அதனால்தான் ஒன்பது வருஷமும் அவள் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்த ஒன்பது வருஷமும் அவர் குழாயடியில் நின்றார், அவள் கொட்டில் வாசலில் தனியே இருந்தாள் என்பதும் உண்மைதானே? அதை எந்தக் குறிப்பில் எழுதினார்கள்?

"நாளைக்கு விடியக் கடலுக்குப் போறம்" என்றாள் படுக்கும்போது.

"கட்டாயம். ஐந்தரைக்கு எழும்புறம்."

ஐந்தரைக்கு எழும்பினார்கள். வானம் வெளுத்துக்கொண்டு வந்தது. புஸ்பராணி பழைய சீலையைக் குறுக்குக்கட்டாகக் கட்டி, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வல்லிபுரமும் சாரத்தை மடித்துக் கட்டித்தான் நின்றார். ஆனால் காதில் பேனை இருந்தது.

"முதல் நாள் எண்டபடியால் ஆறு மணிக்கு ஒருக்கா வரிசையைத் தொடக்கி விட்டிட்டு வாறன். பிறகு அது தன்ர பாட்டில ஓடும். ஒரு பத்து நிமிஷம்."

அவள் அவரைத் தாண்டி நடந்தாள். கூடாரத்தின் பின்பக்கம் போய் மணலில் இருந்தாள். கடலுக்குள்ளிருந்து சூரியன் ஒரு விளிம்பு காட்டியது. பிறகு பாதி. பிறகு முழுவதும். வள்ளம் ஒன்று அதைக் குறுக்காகக் கடந்து போனது. பின்னால் வல்லிபுரத்தின் குரல், மூன்றாம் இலக்கம், முஹம்மது தம்பி, நாலு அங்கத்தவர், ரெண்டு வாளி.

ஆறே முக்கால் இருக்கும். அம்ரா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்கட ஐயாக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லுங்களன். புள்ளட துணி கழுவ இன்னொரு வாளி வேணும். அவர் பட்டியல்ல இல்லை எண்டுறார். நீங்க சொன்னாக் கேப்பார்தானே?"

நீங்கள் சொன்னால் கேட்பார்தானே. எத்தனை பெண்கள் கொட்டில் வாசலில் வந்து நின்று இதையே சொன்னார்கள்! அரிசி விஷயம், தறப்பாள் விஷயம், மகளின் பிறப்புச் சான்றிதழ் விஷயம். செயலாளரின் மனிசியென்றால் செயலாளர் காதுக்கு ஒரு வாசல்.

புஸ்பராணி எழும்பி மணலைத் தட்டினாள். "வாங்கோ பிள்ளை" என்று அம்ராவையும் கூட்டிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். குறுக்குக்கட்டும் துவாயுமாக அவள் வருவதைக் கண்டு வாத்திமார் விலகி வழிவிட்டார்கள். ஆனால் அவள் முந்திப் போகவில்லை. வரிசையின் கடைசியில் போய் நின்றாள். கையில் வாளி கூட இல்லை.

வல்லிபுரம் தலையை நிமிர்த்தாமல் வாசித்தார். "ஏழாம் இலக்கம். வல்லிபுரம். ரெண்டு அங்கத்தவர்."

"ரெண்டு இல்லை. ஒண்டு" என்றாள் புஸ்பராணி.

அவர் நிமிர்ந்தார். "என்னப்பா?"

"என்ர பேரை வெட்டுங்கோ."

"விளையாடாதை. ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும். எனக்குத் தண்ணி வேண்டாம். என்ர வாளியை இந்தப் பிள்ளைக்குக் குடுங்கோ. என்ர பேரை வெட்டுங்கோ."

"அப்பிடி நினைச்ச உடன வெட்ட ஏலாது, ராணி. வெட்டுறதெண்டால் குறிப்பில காரணம் எழுத வேணும்." பழக்கதோஷம், சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது.

"எழுதுங்கோ."

"என்னெண்டு?"

முகாமில் ஒரு பெயர் வெட்டுப்பட நாலு காரணம்தான் இருந்தது. இறப்பு, கலியாணம், வெளிநாடு. நாலாவதுக்காகத்தான் எல்லாரும் ஒன்பது வருஷம் காத்துக் கிடந்தார்கள்.

"மீள்குடியேற்றம் எண்டு எழுதுங்கோ" என்றாள் புஸ்பராணி. "எங்களை ஊரில விட்டு எத்தினை வருஷம்? நான் வந்திட்டன். நீங்கள் இன்னும் வரேல்லை."

பதுளை வாத்திமாரில் ஒருவர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். நஸ்ரி நிலத்தைப் பார்த்தான். குழாய் மட்டும் நிற்காமல் ஊற்றிக்கொண்டிருந்தது. வாளி நிரம்பி வழிந்தும் யாரும் எடுக்கவில்லை.

அவள் திரும்பி நடந்தாள். கூடாரத்தைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, நேரே கடலுக்குள் போனாள். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. தலையை முக்கி எழும்பியபோது உப்புத் தண்ணி கண்ணில் எரிந்தது. எரியட்டும் என்று திரும்பவும் முக்கினாள்.

மூன்றாம் தடவை எழும்பியபோது வல்லிபுரம் கரையில் நின்றார். காதில் பேனை இல்லை. கையில் பட்டியல் தாளும் இல்லை.

"ஆரிட்டக் குடுத்தனீங்கள்?"

"நஸ்ரியிட்ட." சாரத்தைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டே சொன்னார். "அவனுக்குக் கோடு போடவே தெரியாது."

"பேரை வெட்டினியளோ?"

"வெட்டினனான்." சாரத்தின் முடிச்சை இறுக்கினார். "ரெண்டையும்."

அவள் நின்ற இடத்திலிருந்து ஒரு பக்கம் ஒதுங்கினாள். அவர் குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பாதம் வைத்துப் பார்த்து, அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அதே நேரம் கரையில் குழாயடிச் சத்தம் எழும்பியது. "எங்கட முறை!" என்று ஒருவர், "யாருங்க சொன்னது?" என்று இன்னொருவர், தகர வாளி ஒன்று கல்லில் விழுந்து உருண்டது.

வல்லிபுரத்தின் கழுத்து அந்தப் பக்கம் துடித்தது.

"திரும்பினால் அங்கயே போய் இருக்கலாம்" என்றாள் புஸ்பராணி.

அவர் திரும்பவில்லை. கழுத்து நரம்பு புடைக்கக் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். அலை ஒன்று வந்து இருவரையும் சேர்த்துத் தூக்கி இறக்கியது. கரையில் இன்னொரு வாளி விழுந்தது.

"அது நாலாம் இலக்கத்தின்ர வாளி" என்றார்.

புஸ்பராணி இரண்டு கையாலும் தண்ணியை அள்ளி அவருடைய முகத்தில் அடித்தாள்.