அறுபதில் வரும் நடுக்கம்

“அப்பா, காருக்குச் சாமி வந்துருச்சா?” என்று கவிப்ரியா சின்ன வயதில் ஒருநாள் கேட்டாள். கல்லணைச் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது ஸ்டீரிங் திடீரென்று கிடுகிடுவென ஆடியது. துரைராசு சிரித்துக்கொண்டே ஓரங்கட்டினார். “சாமி வந்தா குறி சொல்லும். இது ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே. எறங்கிப் பாத்துருவோம்” என்றார். சக்கரத்தில் ஒரு நட்டு தளர்ந்திருந்தது.

இருபது வருடம் கழித்து, துரைராசுவைச் சுடுகாட்டில் வைத்துவிட்டு வந்த வியாழக்கிழமை பகலில், அவருடைய அண்ணன் தங்கமணி அதையே தீர்ப்பாகச் சொன்னார்.

“ஒரு வாரமா ஸ்டீரிங் நடுங்குதுண்ணேன்னு எங்கிட்ட சொன்னான். காத்து கருப்பு ஏறுன வண்டி அது. நானே எலுமிச்சங்கா கட்டிவிட்டேன். கேக்கல. அவன் உசுரை எடுத்துக்கிட்டுத்தான் நின்னுருக்கு.”

பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். வாய்க்காலில் குளித்துவிட்டு வந்த ஈரம் யாருக்கும் இன்னும் காயவில்லை.

“நாளைக்குக் காலையில நாம பால் தெளிச்சுட்டு வர்றப்ப கும்பகோணத்து ஆளு வந்துருவான். பழைய கார் எடுக்குறவன். பேசிட்டேன்.”

சிங்கப்பூரிலிருந்து வந்து கொள்ளி வைத்த கவிப்ரியாவின் அண்ணன் சதீஷ், மொட்டைத் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டான். “செய்யுங்க பெரியப்பா. ஓட்டுறதுக்கும் ஆள் இல்ல.”

ஓட்டுவதற்கு ஆள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். தஞ்சாவூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கும் கவிப்ரியாவுக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பது அண்ணனுக்கு மறந்துபோயிருக்கலாம். அவள் அதைச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் அப்பாவின் காரைப் பார்த்தது அவள் கண்ணிலேயே நின்றது. ஆற்றங்கரைச் சாலையில், புங்க மரத்தடியில், தாரை விட்டு முழுக்க இறக்கி நிறுத்தியிருந்தார். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தது. இண்டிகேட்டர் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. நெஞ்சை அடைக்கிற நேரத்திலும் பின்னால் வருகிறவனுக்கு வழிவிட்டிருந்தார். அந்த மனிதரைப் பேய் அடித்தது என்கிறார்கள்.

முருகன் படத்துக்குப் பக்கத்து ஆணியில் சாவி தொங்கியது. எடுத்துக்கொண்டு பந்தல் வழியாகவே வெளியே வந்தாள்.

“எங்கம்மா கிளம்பிட்ட?” என்றார் தங்கமணி.

“வண்டிய ஓட்டிப் பாக்கப் போறேன் பெரியப்பா.”

“தீட்டு வீட்டுல என்ன பழக்கம் இது? அதுல ஏறாதன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்.”

“சாமி இருந்தா ஒரு கும்புடு போட்டுட்டு வந்துர்றேன்.”

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு உடனே இருமினார்.

திருக்காட்டுப்பள்ளியைத் தாண்டியதும் சாலை நேராக நீண்டது. மழை விட்டு ஒரு வாரமாக நல்ல வெயில். இரண்டு பக்கமும் சம்பா நடவு பச்சை பிடித்திருந்தது. நாற்பதில் கார் சாதுவாகப் போனது. ஐம்பதிலும் ஒன்றும் இல்லை. அறுபதைத் தொட்டதும் ஸ்டீரிங் அவள் உள்ளங்கைக்குள், ஈ உட்கார்ந்த மாட்டுத் தோல்போலச் சிலிர்க்க ஆரம்பித்தது. எழுபதுக்குப் போகும்போது முழங்கைவரை ஏறியது.

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பிடியை விடாமல் கவனித்தாள். பிரேக்கை மெதுவாக மிதித்தாள். ஆட்டம் கூடவில்லை, வேகம் குறையக் குறைய அடங்கிப்போனது. அப்படியென்றால் பிரேக்கில் கோளாறு இல்லை. பிடியைக் கொஞ்சம் தளர்த்தினாள். வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. உட்கார்ந்திருக்கிற சீட் ஆடவில்லை, கையில் மட்டும்தான் நடுக்கம். பின் சக்கரம் இல்லை, முன் சக்கரம். அதுவும் சுற்றுகிற வேகத்தில்தான் வருகிறது. ஏதோ ஒரு சக்கரத்தில் ஒரு பக்கம் மட்டும் கனமாக இருக்கிறது.

ஒரு களத்து மேட்டில் நிறுத்தி இறங்கினாள். நட்டுகள் இறுக்கமாக இருந்தன. டயரில் வீக்கம் இல்லை. ஜாக்கி வைத்து இடது முன் சக்கரத்தைத் தூக்கி, கையால் சுற்றிவிட்டாள். சக்கரம் ஓடி, தயங்கி, பின்னால் ஆடி நின்றது. மறுபடி சுற்றினாள். அதே இடம்தான் கீழே வந்து நின்றது. மண்டியிட்டு, சக்கரத்தின் உள்பக்கமாகக் கையை விட்டுத் தடவினாள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத அந்த உள்வளையத்தில், ஒரு பக்கம் மட்டும் செங்கல்போல ஏதோ அப்பியிருந்தது.

ஸ்பேனரால் தட்டினாள். கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது, வயல் களிமண். ஈரத்தில் புகுந்து வெயிலில் இறுகியிருந்தது. வலது சக்கரத்திலும் கொஞ்சம் இருந்தது. இரண்டையும் சுரண்டி முடிக்கும்போது விரல் நுனிகள் எரிந்தன. திரும்பி வரும் வழியில் எழுபதில் ஓட்டினாள். கோயில் குளத்துத் தண்ணீர்போல ஸ்டீரிங் அசையாமல் இருந்தது. அப்போதுதான், அப்பா இறந்த பிறகு முதல்முறையாக, அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓட்டினாள்.

பந்தலில் தங்கமணியின் முன்னால் ஒரு மண்கட்டியை வைத்தாள். “இதுதான் பெரியப்பா, நீங்க எலுமிச்சங்கா கட்டுன ஆளு.”

தங்கமணி அதைக் காலால் தள்ளினார். “இருக்கட்டும். மண்ணோ பேயோ, ஆளு செத்த வண்டி வீட்டுக்கு ஆகாது. நாளைக்கு அது போவுது. சாவிய ஆணியில மாட்டு.”

அவள் மண்கட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அம்மா நாகம்மாள் துவைக்கும் கல்லில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மகள் கையிலிருந்ததை வாங்கி உடைத்துப் பார்த்தாள். உள்ளே கறுப்புக் கறுப்பாகச் சாம்பலும் கருகிய உமியும் கலந்திருந்தன.

“மில்லுச் சாம்பல்” என்றாள் நாகம்மாள்.

“நம்ம வழியில மில்லு ஏதும்மா?”

நாகம்மாள் சாம்பலை விரலால் நசுக்கிப் பார்த்தாள். “பள்ளிவாசல் தெருவுல குழாய் போடுறதுக்குத் தோண்டிப் போட்டுருக்கான். முன்னாடி வண்டி போவாது. பின்னாடி மில்லுக்காரன் சாம்பல் கொட்டி ஒரு தடம் இருக்கு. அதுல போயிருப்பாரு. மெஹராஜால நடக்க முடியாதுல்ல.”

காலையில் எடுப்பதற்கு முன், பெண்கள் கூட்டத்தின் ஓரத்தில் மெஹராஜ் பேகம் உட்கார்ந்திருந்ததைக் கவிப்ரியா பார்த்திருந்தாள். முந்தானைக்குள் மறைத்திருந்த இடது கை, முழங்கைக்குக் கீழே கயிறுபோலப் புடைத்திருந்தது. அது எதனால் என்று மருந்துக் கடைக்காரிக்குத் தெரியும்.

“டயாலிசிஸா?”

“செவ்வாயும் வெள்ளியும். ரெண்டு வருஷமா அப்பாதான் கூட்டிக்கிட்டுப் போயி கூட்டிக்கிட்டு வருவாரு. வெளிய சொல்லக் கூடாதுன்னாரு. அன்னிக்கும் அவளை எறக்கி விட்டுட்டு வர்றப்பதான்…” நாகம்மாள் நிறுத்தி, மண்ணைக் கையிலிருந்து உதிர்த்தாள். “நீ குழந்தையா இருந்தப்ப நம்ம நாத்தங்கா மொத்தமும் வெள்ளத்துல போயிருச்சு. மறு நாத்து விட நாளும் இல்ல. அவ வூட்டுக்காரரு அப்சர் பாய் பக்கத்து வயல். ‘எடுத்துக்குங்கண்ணே’ன்னு அவர் நாத்தைப் பறிச்சுக் குடுத்துட்டாரு. நம்ம வயலு நிறைஞ்சுச்சு. அவங்க வயலு பாதி அந்த வருஷம் சும்மா கெடந்துச்சு. திருப்பிக் குடுக்கப் போனா, நாத்துக்கு யாராச்சும் கணக்குப் பாப்பாங்களான்னுட்டாரு. அவரும் போயிச் சேந்தாச்சு.”

சாயங்காலம் தங்கமணி ஆணியைப் பார்த்துவிட்டு வந்தார். “சாவி எங்க?”

“எங்கிட்ட இருக்கு.”

“அந்த வண்டி இங்க நின்னா இன்னொரு உசுரு போகும்மா. நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“இன்னொரு உசுரு போகக் கூடாதுன்னுதான் பெரியப்பா நான் தரல.”

தங்கமணி தம்பி மனைவியைப் பார்த்தார். “நாகம்மா, புள்ளைக்குச் சொல்லு.”

நாகம்மாள் தலை நிமிராமல் சொன்னாள். “சாவி அவகிட்டயே இருக்கட்டும், மாமா.” கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அவருக்கு மறுப்பாகச் சொன்ன முதல் சொல் அதுவாகத்தான் இருக்கும். தங்கமணி ஆணியை இன்னொரு முறை பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும், ஆண்கள் பால் செம்போடு சுடுகாட்டுக்குக் கிளம்புவதற்கு முன்பே கார் கிளம்பிவிட்டது. சாம்பல் தடத்தில் மெதுவாக ஊர்ந்து போய், மெஹராஜ் பேகத்தின் கொல்லைக் கதவை ஒட்டி நின்றது. மெஹராஜ் கதவைத் திறந்து, யாரென்று பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டாள்.

“வேணாம் புள்ள. போயிரு. அண்ணனை இந்த ஓட்டந்தான் கொண்டுக்கிட்டுப் போச்சு. எனக்காக ஓடித்தான்…”

“அப்பாவுக்கு நெஞ்சுல அடைப்பு இருந்துச்சு அத்தை. கட்டில்ல படுத்திருந்தாலும் வந்திருக்கும்.”

“ஊரு என்ன சொல்லும்? தீட்டோட வந்து நிக்கிற.”

“ஊரை நான் பாத்துக்குறேன். நீங்க செருப்பைப் போடுங்க.”

மெஹராஜ் நகரவில்லை. கவிப்ரியா கதவு நிலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “நீங்க வராம நான் எந்திரிக்க மாட்டேன். எனக்கு இன்னிக்கு வேற வேலையும் இல்ல.”

“அப்படியே அவங்கப்பன் பிடிவாதம்” என்று முணுமுணுத்துக்கொண்டு மெஹராஜ் செருப்பைத் தேடினாள்.

தஞ்சாவூர் சாலையில் கார் அறுபதில் போனது. “வண்டி ஆடலையே” என்றாள் மெஹராஜ் பின்னாலிருந்து. “போன தடவை அண்ணன் ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டே வந்தாரு.”

“இனிமே ஆடாது அத்தை.”

ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தபோது தங்கமணி போன் செய்தார். கும்பகோணத்து ஆள் வந்து நிற்கிறானாம். “திரும்பிப் போகச் சொல்லுங்க பெரியப்பா. செவ்வாய்க்கிழமையும் வண்டி இருக்காது, அடுத்த வெள்ளிக்கிழமையும் இருக்காது” என்றாள். “சாப்புட்டியா?” என்று கேட்டுவிட்டு அவர் போனை வைத்தார்.

மதியம் திரும்பும்போது மெஹராஜ் பின் சீட்டில் சுருண்டு தூங்கிவிட்டாள். இயந்திரத்தில் ரத்தம் சுற்றி வந்த களைப்பு. கொல்லை வாசலில் கார் நின்றதும் அவளுக்கு முழுதாக விழிப்பு வரவில்லை. கவிப்ரியா தோளில் சாய்த்து இறக்கியபோது செருப்பு இரண்டும் காருக்குள்ளேயே தங்கிவிட்டன. வெறுங்காலால் சாம்பல் புழுதியை மிதித்து, கண்ணைத் திறக்காமலே வீட்டுக்குள் வந்து கட்டிலில் விழுந்தாள்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. ஜும்மா தொழுகைக்குத் தெருவே போயிருந்தது.

கவிப்ரியா அடுப்பங்கரையில் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு, ஒரு தாம்பாளத்தையும் எடுத்து வந்தாள். கட்டிலின் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, தூங்குகிற பாதங்கள் இரண்டையும் ஒவ்வொன்றாகத் தாம்பாளத்தின் மேல் பிடித்துக் கழுவினாள். விரல் இடுக்கில் இருந்த சாம்பலை நகம் படாமல் எடுத்தாள். தன் துப்பட்டாவால் ஈரத்தை ஒற்றி, போர்வையை இழுத்துவிட்டாள்.

பிறகு கலங்கிய தண்ணீரைக் கொல்லை முருங்கைக்கு ஊற்றிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.