செபஸ்தியம்மாளின் மீன்தொட்டி ஸ்டாண்டு

யாராவது கேட்டு, செபஸ்தியம்மாள் பதில் சொல்லாமல் விட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவள் வீட்டு மீன்தொட்டி கொஞ்சம் கனத்தது. தண்ணீர் மட்டம் ஏறவில்லை, மீன்களும் பெருகவில்லை, கனம் மட்டும் கூடிக்கொண்டே போனது. திண்டுக்கல்லில் அந்தத் தெருக்காரர்களுக்கு இது 1981லிருந்தே தெரியும். அந்த வருஷம்தான் அவள் மதுரையில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கினாள். பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட, வைக்கோல் லாரியின் நடுவில் அதைப் புதைத்து எடுத்து வந்து முன்கூடத்தில் வைத்தாள். பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர், முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று அந்தத் தெருவில் கேட்காதவர்கள் இல்லை. அவள் ஊசியில் நூல் கோத்தபடி கேட்டவர்களின் முகத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான். முதல் வருஷமே தொட்டியைத் தாங்கிய இரும்பு மேஜையின் கால்கள் வெளிப்பக்கம் வளைந்தன. அடுத்து வைத்த மரபெஞ்சு மழைக்காலம் வரை தாங்கியது. சிமெண்டுப் பலகை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயப் பங்கின் பெண்கள் நான்கு பேர் ஒன்றாக வந்து நலம் விசாரித்துவிட்டுப் போன பிறகு, நடுவில் விரிசல் விட்டது.

1984இல் அவள் அண்ணன் கிளெமென்ட் கோயம்புத்தூரிலிருந்து வந்தார். வீடு அப்பா கட்டியது, பத்திரம் அண்ணன் பெயரில் இருந்தது. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் தங்கமுத்து அந்த இடத்தை வாங்கி, வீட்டை இடித்துவிட்டு லாட்ஜ் கட்ட ஆசைப்பட்டார். வீடு காலியாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது. தங்கைக்குக் கன்னியாஸ்திரி மடத்து ஹாஸ்டலில் ஓர் அறை பேசி முடித்துவிட்டுத்தான் கிளெமென்ட் ரயில் ஏறியிருந்தார்.

"ஒத்தக்கட்டைக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய வீடு? நாலு மீனு குடியிருக்கவா?"

அவள் ஊசியில் நூல் கோத்தாள்.

"ஏ செபஸ்தி, ஒன்னத்தான். வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?"

செபஸ்தியம்மாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "மீன் இருக்குற எடந்தான் வீடு" என்றாள். அந்த வருஷம் முழுவதிலும் அவள் அண்ணனிடம் பேசியது அதுதான்.

கட்டில், பீரோ, பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் ஒரு லாரியில் ஏற்றிவிடலாம் என்று கிளெமென்ட் கணக்குப் போட்டிருந்தார். தொட்டிதான் அசையவில்லை. தண்ணீரை இறைத்துவிட்டால் தீர்ந்தது என்று ஒரு செம்பை முக்கினார். நிறைந்த செம்பை அவரால் தூக்க முடியவில்லை. கைதான் வெளியே வந்தது. செம்பு அடியில் கிடந்தது, மறுநாளிலிருந்து கறுப்பு மோலி மீன் ஒன்று அதற்குள் தூங்கப் பழகிக்கொண்டது. ஆனால் கிளெமென்ட் முட்டாள் இல்லை. தொட்டியைத் தூக்க வேண்டியதில்லை, கீழே இருப்பது உடைந்தால் போதும், கண்ணாடி தானே நொறுங்கும் என்று கண்டுகொண்டார். அதன்பிறகு மாதம் ஒருமுறை வந்து, முன்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, காலையிலிருந்து சாயந்திரம் வரை கேள்வி கேட்டார். எப்பக் கெளம்புற, யாருக்காக இந்தப் பிடிவாதம், ஊர் என்ன பேசுதுன்னு தெரியுமா. தொட்டிக்கு அடியில் அப்போது இருந்தவை அவளுடைய தையல் மேஜையும் அதற்கு முட்டுக்கொடுத்த இரண்டு உரல்களும். மேஜை முனகுவது பக்கத்து வீட்டுப் பேச்சாயிக்குக் கேட்டது.

"டீச்சர், ஒரு வார்த்த பதில் சொல்லித் தொலையக் கூடாதா? கனம் கொறையுமில்ல?" என்றாள் பேச்சாயி. அதற்கும் செபஸ்தியம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. உரல் ஒன்று தரைக்குள் ஒரு விரற்கடை இறங்கியது. கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி எடையைக் குறைத்துக்கொள்வது அவளுக்குக் கேவலமாகப் பட்டது. குறைய வேண்டியது கனம் அல்ல, தாங்குவதற்கு ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே ரவிக்கை வெட்டுவதுபோல ஸ்டாண்டை வெட்டினாள். காக்கித் தாளைத் தரையில் விரித்து, தையல் சாக்கட்டியால் கால்களையும் சட்டங்களையும் அசல் அளவில் வரைந்து, கத்தரித்து, சுவரில் ஊசி குத்தி நிறுத்திப் பார்த்தாள். நான்கு காலுக்குப் பதில் ஆறு. குறுக்கே சட்டம், மூலைக்கு மூலை சாய்வுச் சட்டம், மேலே இரட்டைப் பலகை. ஊரில் இருந்த ஆசாரிகள், கிளெமென்ட் சொல்லிவைத்திருந்ததால், கைவேலை இருக்கிறது என்று நழுவினார்கள். கோயில் சப்பரம் செய்கிற ஸ்தனிஸ்லாஸ் மட்டும் வந்தார். அவருக்கும் கிளெமென்டுக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆகாது. வடமதுரைப் பக்கம் இடித்த வீட்டிலிருந்து இலுப்பை உத்திரங்களை வண்டியில் கொண்டுவந்து போட்டார்.

"இதென்ன டீச்சர், மீனுக்கா மாட்டுக்கா?"

"மீனுக்குத்தான். ஆணி வேணாம்."

ஆணி அடிக்கவில்லை. சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் சீவித் துளைக்குள் இறக்கி, காய்ந்த மர ஆப்பை அடித்து இறுக்கினார்கள். அவள் இஞ்சு டேப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றாள். ஒரு மூலை நூலளவு தாழ்ந்தாலும் கண்ணாடி முறுக்கிக்கொண்டு விரிசல் விடும் என்பதால், ரசமட்டத்தின் குமிழி நட்டநடுவில் நிற்கும் வரை காலைச் சீவச் சொன்னாள். மூன்று முறை சரியில்லை என்றாள், மூன்று முறையும் ஸ்தனிஸ்லாஸ் திட்டிக்கொண்டே சீவினார். பலகைமேல் பழைய கம்பளியை இரட்டையாக மடித்து விரித்தார்கள். தொட்டியை இடம் மாற்றத் தேவைப்படவில்லை. அது இருந்த இடத்திலேயே, அதன் அடியில் ஸ்டாண்டைக் கோத்து, தையல் மேஜையையும் உரல்களையும் உருவி எடுத்தார்கள். இலுப்பை ஒரு தடவை ஏப்பம் விட்டது, பிறகு அடங்கிப்போனது.

வேலை முடிந்து எல்லாவற்றையும் துடைத்தபோதுதான் அவள் பார்த்தாள். முப்பது வருஷமாகச் சப்பரம் செய்த கை, தன்னை அறியாமல், மேல்சட்டத்தின் நான்கு மூலையிலும் இரும்பு வளையம் பூட்டியிருந்தது. தோளில் தூக்கும் தண்டைச் சொருகுகிற வளையம். ஸ்தனிஸ்லாஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார். "பழக்கதோஷம் டீச்சர். கழட்டிரவா?" அவள் வளையத்தைத் தொட்டுப் பார்த்தாள், பதில் சொல்லவில்லை. தொட்டி கனத்தது, ஸ்டாண்டு இம்மியும் அசையவில்லை, வளையம் அப்படியே இருந்தது.

கிளெமென்ட் ஒரு வருஷம் கேள்வி கேட்டுப் பார்த்தார். தொண்டைதான் கட்டியது. 1986 தை மாதம், கோயில் திருவிழா முடிந்த மறுநாள், அவர் கண்ணில் அந்த வளையங்கள் பட்டன. சப்பரம் தூக்கும் எட்டுப் பேரையும், கொட்டகையிலிருந்து சப்பரத்துத் தண்டு இரண்டையும் பங்குச்சாமியாருக்குத் தெரியாமல் வரவழைத்தார். முன்வாசலும் பின்வாசலும் நேர்கோட்டில் இருந்ததால் தண்டுகள் வீட்டுக்குள் நுழைந்து, வளையங்களில் ஏறி, தெருவில் ஒரு முனையும் கொல்லையில் ஒரு முனையுமாக நீண்டன. முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர். கிளெமென்ட் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று தங்கையைப் பார்த்தார்.

"கடைசியாக் கேக்குறேன். நீயா வாரியா, இதத் தூக்கவா?"

செபஸ்தியம்மாள் தையல் மிஷினிலிருந்து எழுந்தாள். வாசல் கதவின் இரண்டு பக்கத்தையும் தானே அகலத் திறந்து, காற்றில் அடிக்காதபடி கொக்கி மாட்டினாள். "தூக்குங்கண்ணே" என்றாள்.

அண்ணன் அதுவரை கேட்ட அத்தனை கேள்விகளுக்கும் சேர்த்து அந்த ஒரு பதில் கிடைத்ததால், தொட்டி ஐந்து வருஷத்தில் முதல்முறையாகத் தூக்குகிற கனத்துக்கு வந்தது. எட்டுப் பேரும் தோள் கொடுத்து எழுந்தார்கள். ஸ்டாண்டு எழுந்தது. ஸ்டாண்டின் ஆறு கால்களோடு தரை எழுந்தது, தரையோடு சுவர்களும் ஓட்டுக்கூரையும் எழுந்தன. மீன் இருக்கும் இடம்தான் வீடு என்று அவள் சொல்லியிருந்தபடி, வீடு மீன்களோடு கிளம்பியது.

கிளெமென்ட் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "ஏலே, எறக்குங்கடா!"

"நடுவுல எறக்கக் கூடாதுண்ணே, தெரியாதா ஒங்களுக்கு?" என்றான் முன்தண்டுக்காரன். அவன் சொன்னது சரிதான். சப்பரத் தண்டு தோளேறிவிட்டால் ஊர் சுற்றி வந்து கிளம்பிய இடத்தில்தான் தரையைத் தொட வேண்டும். பாதியில் இறக்கினால் ஊருக்கு ஆகாது. அந்தத் தண்டு தோளில் பட்டதும் எட்டுப் பேரின் கால்களும் வருஷாவருஷம் போகிற வழியில் தாமாகப் போயின. மலைக்கோட்டை அடிவாரம், கடைவீதி, மணிக்கூண்டு. மின்கம்பிகளை மூங்கில் கவையால் உயர்த்திப் பிடிக்கிறவர்கள் ஓடிவந்தார்கள், அவர்களுக்கு அது பழகிய வேலை. யாரோ கொட்டுக்காரர்களுக்கு ஆள் அனுப்பினார்கள். பெண்கள் வழக்கப்படி உப்பும் மிளகும் வீசியதில் கிளெமென்டின் தலையெல்லாம் மிளகு. செபஸ்தியம்மாள் மிஷினில் உட்கார்ந்து, பாதியில் விட்ட பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். தொட்டித் தண்ணீர் தளும்பவில்லை, ரசமட்டம் பார்த்து வைத்தது. வீடு இருந்த பள்ளத்தில் பேச்சாயியின் கோழிகள் இறங்கி மேய்ந்தன.

மணிக்கூண்டருகே டீ குடித்துக்கொண்டிருந்தார் தங்கமுத்து. அன்று வீட்டைப் பார்த்து முடிவு செய்வதற்காக வந்திருந்தார். கொட்டுச் சத்தம் கேட்டுத் திரும்பியவர், மிளகு வாசனையோடு உயரத்தில் எதுவோ வருவதைக் கண்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, கையெடுத்துக் கும்பிட்டார். கடந்து போன பிறகுதான் அது தான் வாங்க வந்த வீடு என்று தெரிந்தது.

இருட்டுவதற்குள் வீட்டைக் கொண்டுவந்து பழைய பள்ளத்தில் இறக்கினார்கள். கோழி ஒன்று மட்டும் மயிரிழையில் தப்பியது. கிளெமென்ட் தலையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தபோது தங்கமுத்து வாசலில் நின்றிருந்தார்.

"ஏனுங்க, கும்பிட்ட வீட்ட எப்பிடிங்க இடிக்கறது? நானும் புள்ளகுட்டிக்காரனுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நடந்தார். லாட்ஜை அவர் தன் ஊரிலேயே கட்டிக்கொண்டார். ஊர் சுற்றிய வீட்டை வேறு யாரும் விலைக்குக் கேட்கவில்லை. அந்த வருஷமே கிளெமென்ட் அதைத் தங்கை பெயருக்கு எழுதிக்கொடுத்தார். முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடும்போது, இப்பத் திருப்திதானா என்று கேட்டார். இலுப்பைக் கால்கள் அதையும் தாங்கின.

அடுத்த தை மாதம், சப்பரம் கொட்டகைக்குத் திரும்பிய மறுநாள், யாரும் அழைக்காமலே எட்டுப் பேரும் தண்டுகளோடு வாசலுக்கு வந்தார்கள். மின்வாரியத்துக்காரர்கள் முன்பே லைனை நிறுத்தியிருந்தார்கள். செபஸ்தியம்மாள் கதவுகளைத் திறந்து கொக்கி மாட்டிவிட்டு, முன்தண்டுக்காரனைக் கூப்பிட்டாள்.

"மணிக்கூண்டுத் திருப்பத்துல செத்த மெதுவாப் போங்கப்பா. அடுப்புல கொழம்பு கொதிக்குது."

மெதுவாகத்தான் திரும்பினார்கள்.