எலியின் முகத்துக்கு எத்தனை மார்க்

ஐம்பத்தோரு வயதில் பாண்டிமுருகனைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். விருதுநகருக்கு வெளியே ஒரு மருந்தியல் கல்லூரியில் பேராசிரியர் அவர். இருபது வருடமாக எலியோடு எலியாகக் கிடப்பவர். இனிமேல் ஆய்வுக்காக விலங்கைத் தொடுகிற யாராக இருந்தாலும், அதை வதைக்காமல் கையாளும் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கியே தீரவேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. தன்னிடம் ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளுக்கு நடுவே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தபோது மனிதருக்குக் கொஞ்சநஞ்ச எரிச்சல் இல்லை.

பாடம் எடுக்க வந்த செல்லக்கனி, சாத்தூரைச் சேர்ந்த கால்நடை மருத்துவர். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. முதல் நாளே, எலியை வாலைப் பிடித்துத் தூக்கிய பாண்டிமுருகனைத் தடுத்து, இரண்டு கையாலும் ஏந்தி எடுக்கச் சொன்னார். பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்கள். போகிறது என்று பாண்டிமுருகன் பொறுத்துக்கொண்டார். அவருக்குத் தன் காரியம் பெரிது.

காரியம் என்னவென்றால் ஒரு களிம்பு, வெடியில் வெந்த தோலுக்குப் பூசுவது. நாரணாபுரத்தில் பட்டாசு மருந்து இடிக்கும் அறை வெடித்தபோது அவருடைய அப்பா சங்கிலிமுத்து முக்கால் உடம்பு வெந்து, மதுரை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து போய்ச் சேர்ந்தார். பாண்டிமுருகனுக்கு அப்போது இருபது வயது. அன்று பிடித்த பிடிவாதம் இது. எட்டு வருடமாக எலிகளுக்கு மயக்கம் கொடுத்து, முதுகில் சூடு வைத்து, களிம்பைப் பூசிப் பார்த்து வருகிறார். விலங்குக்கூடத்தில் இப்போதிருக்கும் பன்னிரண்டு எலிதான் கடைசித் தொகுதி; அதை அவர் லோடு என்பார், பட்டாசு வீட்டுப் பிள்ளையல்லவா. இந்த லோடு தேறினால் அடுத்து மனிதருக்குப் போகலாம். கெட்டுப்போனால் எல்லாம் முதலிலிருந்து.

மூன்றாம் நாள், வலியை அளக்கும் பாடம். எலி வாய்விட்டு அழாது, முகத்தைப் பார்த்து நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றார் செல்லக்கனி. கண் இடுங்கியிருக்கிறதா, கன்னம் தட்டையாகிவிட்டதா, காது மடங்கியிருக்கிறதா, மீசை விறைத்திருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க், மொத்தம் எட்டு. மார்க் ஏற ஏற வலி அதிகம். பயிற்சிக்கு வந்தவர்களிடமே, முகம் தெரிந்தால் போதும் என்று சொல்லிச் செல்போன் வீடியோக்களை வாங்கி வைத்திருந்தார். அதில் ஒன்றை, யாருடையது என்று சொல்லாமல், சத்தமில்லாமல் திரையில் ஓட்டினார்.

பாண்டிமுருகன் ஆறு போட்டார். என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்த இடத்தில், உடனே வலி மருந்து, ஒரு மணி நேரத்தில் குறையாவிட்டால் நோகாமல் உயிரை முடித்துவிட வேண்டும் என்று எழுதினார். அதோடு விட்டிருக்கலாம். பிள்ளைகள் முன்னால் கெத்துக் காட்ட வேண்டாமா? 'இப்படிப் போட்டு வைத்திருப்பவனுக்கு இனி விலங்கே கொடுக்கக் கூடாது' என்று இன்னொரு வரியும் எழுதி அடிக்கோடு போட்டார்.

தாள்களையெல்லாம் பார்த்த செல்லக்கனி, இவருடையதைத்தான் வாய்விட்டு வாசித்தார். அனுபவம் என்றால் இது என்று பாராட்டவும் செய்தார். பாண்டிமுருகனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அடுத்து, வெளிச் சத்தமும் எலியைப் பாதிக்கும், கேளுங்கள் என்று அதே வீடியோவைச் சத்தத்தோடு ஓட்டினார். பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் வெடி போட்டுப் பார்க்கிற சத்தம் இரண்டு முறை கேட்டது. அதற்குப் பின்னால் ஓர் ஆண்குரல்.

"வலி மருந்தெல்லாம் வேணாம்மா. ரிசல்ட் கெட்டுரும். இன்னும் அஞ்சு நாள் தாங்கும், விடு."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. பாண்டிமுருகன் முகத்தில் ஈயாடவில்லை. அவரிடம் நான்கு வருடமாக ஆராய்ச்சி செய்யும் அனுப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். வீடியோ எடுத்தது அவள்தான், இப்போதிருக்கும் லோடில் ஓர் எலியை. செல்லக்கனிக்கும் குரல் பிடிபட்டுவிட்டது. சட்டென்று நிறுத்திவிட்டு, டீ குடித்து வரலாம் என்று எல்லாரையும் எழுப்பினார். நல்ல மனுஷி.

பாண்டிமுருகன் எழுந்திருக்கவில்லை. காயம் ஆறுவதில் தலையிடாத வலி மருந்து உண்டு என்பது அவருக்குத் தெரியாதா? போதை வகை மருந்து என்பதால் அதற்கு லைசென்ஸ் வாங்க அலைய வேண்டும். எட்டு வருடமாக அலையவில்லை, அவ்வளவுதான். இதே மனிதர்தான் அந்த ஒன்பது நாளும் அப்பாவுக்கு ஊசி போடச் சொல்லி நர்ஸ் பின்னாலேயே ஓடியவர். ஒருதரம் ஊசி அரை மணி நேரம் தாமதமானதற்கு வார்டையே ரெண்டாக்கியவர். சீ என்று ஆகிவிட்டது அவருக்கு.

டீ குடிக்கப் போகாமல் நின்ற அனுப்பிரியாவிடம், அந்த எலி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றாள். பாண்டிமுருகன் எழுந்து செல்லக்கனியிடம் போனார்.

"மேடம், பயிற்சிக்குக் கொண்டாந்த வலி மருந்து இருக்குல்ல? பன்னெண்டுக்கும் போடணும். வாரீகளா?"

"நடுவுல மருந்து போட்டா இந்த லோடு கணக்குல சேராது சார். யோசிச்சிட்டீகளா?"

"யோசிச்சிட்டேன். வாங்க."

பன்னிரண்டுக்கும் ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் பதினோரு எலிகள் அசைந்து நகர்ந்து தண்ணீர் குடிக்க ஆரம்பித்தன. வீடியோவில் வந்த எலி மட்டும் அப்படியே சுருண்டு கிடந்தது. செல்லக்கனி அதை நோகாமல் முடித்துவைத்தார். பாண்டிமுருகன் பதிவேட்டை எடுத்து, ஆய்வு நிறுத்தப்பட்டது, மருந்துக்கு லைசென்ஸ் வரும்வரை எனக்கு எலி தர வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எட்டு வருடப் பாடு ஒரு வரியில் முடிந்தது. வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. அதை யார் மேலாவது இறக்க வேண்டுமே, அனுப்பிரியா பக்கம் திரும்பினார்.

"இருந்திருந்து இந்த வீடியோவையாம்மா குடுக்கணும்? வேற நல்லதா ஒண்ணு இல்லியா?"

அவள் கூண்டின் மூடியைச் சரியாக வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"நாலு வருசமா எடுத்த அம்புட்டையும் பாத்துத்தான் சார் குடுத்தேன். இருந்ததுல இதுதான் பாக்குற மாதிரி இருந்துச்சு."