உஷாராணியின் வலது கால்

என் மனைவி உஷாராணி கார் ஓட்டினால், காலுக்கடியில் முட்டையை வைத்துக்கொண்டு ஓட்டுவது போல இருக்கும். எண்ணெய் மிதியை அவ்வளவு மெதுவாக மிதிப்பாள். பின்னால் வருகிற லோரிக்காரன் ஹாரன் அடித்து அடித்து அலுத்துப்போவான். இனிப்புநீர் நோய் என் கண்களை மங்கலாக்கிய பிறகு, கண்ணில் ஊசி போட என்னைக் கிள்ளானுக்கு அழைத்துப்போவது அவள்தான். எங்கள் செம்பனைத் தோட்டம் கோலசிலாங்கூரிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. பஸ் கிடையாது. கூப்பிட்டால் வாடகைக் காரும் வராது. அவள் ஓட்டினால்தான் எங்களுக்கு வெளியுலகம்.

போன வருடம் அவளுக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. வலது கால் மரக்கட்டையாகிவிட்டது. சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து நடந்து அதை மீட்டாள். இனி கார் ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன அன்று வீட்டுக்கு வந்ததும் யாரிடமும் எதுவும் சொல்லாமல் காரைக் கழுவினாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் படுத்திருந்த மாதங்களில் எலி காருக்குள் குடித்தனம் நடத்தியிருந்தது. காற்றை வடிகட்டுகிற ஃபில்டரையும் அதன் பெட்டியையும் கடித்துத் துளைத்துவிட்டது. ஷா ஆலமில் வேலை செய்கிற எங்கள் மகன் அகிலன் புதிதாக ஒன்று வாங்கி வந்தான். கார் கம்பெனி சாமான் இல்லை. பெட்டியே இல்லாமல் கூம்பு மாதிரி திறந்து கிடந்தது. தடவிப் பார்த்தேன், கையில் எண்ணெய் ஒட்டியது.

"ரேசிங் காடிக்குப் போடுறதுப்பா. காத்து நல்லா இழுக்கும்" என்றான்.

"ஏன்லா, உங்கம்மா ரேஸ் ஓட்டவா போறா?" என்றேன்.

உஷா அதை உடனே மாட்ட விடவில்லை. எங்கள் தோட்டத்தில் வண்டிக்குப் புதிதாக எது வந்தாலும் முனீஸ்வரர் காலடியில் வைத்த பிறகுதான் மாட்டுவோம். கோயிலில் பூசாரி எங்கள் நெற்றியில் திருநீறு பூசி, வாயிலும் ஒரு சிட்டிகை போட்டார். எங்களுக்கு நடந்ததையெல்லாம் உஷா அந்தச் சாமானுக்கும் செய்தாள். "என் காலு நல்லா இருக்கணும். யாருக்கும் பாரமாப் போயிடக்கூடாது" என்று அவள் முனகியது எனக்குக் கேட்டது. அகிலன் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு அன்றைக்கே மாட்டினான்.

அடுத்த வாரம் கிள்ளானுக்குக் கிளம்பினோம். தோட்டத்துச் செம்மண் சாலையைத் தாண்டித் தார் ரோட்டில் ஏறியதும், இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்குப் போகிற இடத்தில் கார் தயங்கியது. பிறகு பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி ஓர் இடி. என் தலை முன்னால் போய் வந்தது. கொஞ்ச தூரத்தில் மறுபடியும் அதேதான்.

"என்னாச்சு, உஷா?"

"ஒன்னுமில்லைங்க" என்றாள். ஆனால் அவள் மூச்சு மாறிவிட்டது.

அது ஆட்டோ கார். கியரைக் கையால் மாற்றுகிற வேலையே இல்லை. கால் மிதிக்கிற அளவைப் பார்த்து அதுவே மாற்றிக்கொள்ளும். அதனால் கியர் இடித்ததும் அவளுக்குச் சந்தேகம் காரின் மேல் போகவில்லை, நேராகத் தன் காலின் மேல் போனது. தனக்குத் தெரியாமலே கால் வெட்டி வெட்டி மிதிக்கிறது என்று முடிவு கட்டிவிட்டாள்.

சனிக்கிழமை அகிலன் வந்து காரை எடுத்து ஒரு சுற்று போய் வந்தான். அவன் பழக்கம், ஏறி உட்கார்ந்ததும் ஒரே மிதி.

"காடி ஓகேமா. ஸ்மூத்தா போகுது" என்றான். பிறகு, "கொஞ்ச நாளைக்கு நீங்க ஓட்ட வேண்டாம்மா" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அதற்குப் பதில் அவன் திட்டியிருக்கலாம்.

உஷா சாவியைச் சாமி மேடையில் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு பகலில் அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்கும், பட் பட் என்று. துணி உதறுகிறாள் என்று நினைத்தேன். உள்ளே போய்க் கையை நீட்டிப் பார்த்தபோது, அவள் தன் வலது தொடையை அறைந்துகொண்டிருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த முறை அகிலன் வந்தபோது அவளே சொன்னாள். "காடிய நீ ஷா ஆலமுக்குக் கொண்டு போயிடுப்பா. இங்க சும்மாத்தானே நிக்குது. அப்பாவ அடுத்த வீட்டு செல்வா கூட்டிட்டுப் போவான்."

"நான் எவன் காடியிலயும் ஏற மாட்டேன். கண்ணு போனா போகட்டும்" என்று கத்தினேன். என் கோபம் அந்த வீட்டில் செல்லாக் காசு. மறுநாள் காலையில் அகிலன் காருக்குப் பெட்ரோல் எண்ணெய் போடக் கிளம்பினான். மனசு கேட்காமல் நானும் ஏறிக்கொண்டேன். கடைசியாக ஒரு தடவை உட்கார்ந்துவிட்டு வரலாம் என்றுதான்.

தோட்டத்து வளைவு தாண்டியதும் எங்களுக்கு முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி. பாரம் தாங்காமல் ஊர்ந்தது. குறுகிய சாலை, இரண்டு பக்கமும் பள்ளம், முந்த வழியில்லை. அகிலன் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, வேறு வழியில்லாமல் மெல்ல மிதித்தான். உஷா மிதிக்கிற மாதிரி.

கார் தயங்கியது. பின்னாலிருந்து ஓர் இடி. என் தலை முன்னால் போய் வந்தது.

"முந்தாதே. லோரி பின்னாலேயே போ" என்றேன்.

மறுபடியும் தயக்கம், மறுபடியும் இடி.

"இது யாரு காலுடா?" என்று கேட்டேன்.

அவன் எண்ணெய்க் கடையைத் தாண்டி நேராகக் கோலசிலாங்கூரில் எர்னஸ்டின் ஒர்க்‌ஷாப்புக்கு விட்டான். எர்னஸ்ட் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக். ஃபில்டரைக் கழற்றி, அதன் பின்னால் இருந்த விரல் அளவு சாமான் ஒன்றை உருவினான்.

"அங்கிள், இதுதான் காத்து எவ்வளவு வருதுன்னு அளக்குது. இதோட கம்பியில ஃபில்டர் எண்ணெய் ஏறி, அதுமேல என்னமோ சாம்பல் மாதிரி ஒட்டிக்கிச்சு. அளவு தப்பாப் போனா கியர் கொழம்பும்லா. அழுத்தி மிதிச்சா தெரியாது. மெல்ல ஓட்டுறவங்களத்தான் இடிக்கும்."

"ஃபில்டர் இருக்கும்போது சாம்பல் எப்படி உள்ள போச்சு?" என்றான் அகிலன்.

"அதான் எனக்கும் புரியல. வெளியில இருந்து போகாது. மாட்டுறதுக்கு முன்னாலேயே யாரோ ஃபில்டர் வாய்க்குள்ள போட்டிருக்கணும்."

அந்தச் சாமானை வாங்கி முகர்ந்து பார்த்தேன். எண்ணெய் வாடைக்கு அடியில் கோயில் வாசனை. நெற்றிக்குப் பட்டை, வாய்க்கு ஒரு சிட்டிகை என்று உஷா ஃபில்டருக்கும் திருநீறு வைத்திருக்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஒர்க்‌ஷாப் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

எர்னஸ்ட் கம்பியைச் சுத்தம் செய்து, பழைய கார் ஒன்றிலிருந்து கம்பெனிப் பெட்டியை எடுத்து, புது ஃபில்டரோடு மாட்டிக் கொடுத்தான். திரும்பி வரும்போது அகிலன் வழியெல்லாம் மெதுவாகவே ஓட்டினான். ஒரு இடிகூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் சாவியை அம்மாவின் மடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னான். தான் ஓட்டியபோதும் இடித்தது என்பதை இரண்டு தடவை சொன்னான்.

திருநீற்றைப் பற்றி அவள் வாதாடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்போ என் காலு?"

"உன் காலுக்கு ஒன்னுமில்ல, உஷா. அது நல்லாத்தான் மிதிச்சிருக்கு."

அவள் காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். தொடையைத் தடவும் சத்தம் கேட்டது, மெதுவாக, திரும்பத் திரும்ப.

"பாவம், இத எவ்வளவு அடிச்சிட்டேன்" என்றாள். அப்புறம்தான் அழுதாள். அகிலன் தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டான்.

சாயங்காலம் மூவரும் கிளம்பினோம். அவள் ஓட்டினாள், அகிலன் பின்னால் உட்கார்ந்தான். நான் இடியை எதிர்பார்த்துக் கழுத்தை விறைப்பாக வைத்திருந்தேன். செம்மண் சாலை முடிந்து தார் ரோடு வந்தது. பின்னால் ஒரு லோரி ஹாரன் அடிக்க ஆரம்பித்தது.

"மூனாவது கியர் மாறிடுச்சா?" என்று கேட்டேன்.

"அது எப்பவோ மாறிடுச்சுங்க" என்றாள்.