பெண்கள் அலமாரி

எலும்புகளை வைக்கும் அறையில் இரண்டு அலமாரிகள். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. செத்த பிறகும் தனித்தனி வரிசை. காணாமல் போன தம்பியைத் தேடி அக்கா இந்தப் பிணவறைக்கு நடையாய் நடந்தபோதெல்லாம் ஆண்கள் அலமாரியை மட்டும் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். அவனோ எதிர் அலமாரியில், 'பெண்' என்று ஒட்டிய அட்டைப்பெட்டிக்குள் கிடந்தான்.

பிறந்தபோது அவனைப் பெண் என்றுதான் எழுதினார்கள். தான் ஆண் என்று சொல்லி, வீட்டை விட்டு வந்து, ஹார்மோன் ஊசி போட்டு, மீசையும் கட்டைக் குரலுமாக அவன் ஒரு அச்சகத்தில் நிம்மதியாக வேலை பார்த்தான். அதனால் புகாரில் ஆண் என்றே எழுதினாள் அக்கா. அதுதான் அவனுக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்தாள். அந்த மரியாதையே அவனை அங்கே பூட்டி வைத்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் விஷயத்தை உடைத்துச் சொல்லி, பெண்கள் அலமாரியையும் பாருங்கள் என்று சண்டை போட்ட பிறகுதான் அவளிடமும் அப்பாவிடமும் ரத்தம் எடுத்தார்கள். வற்றிய கால்வாயில் கிடைத்த எலும்புகளோடு அது பொருந்திவிட்டது.

எலும்பை அளந்ததில் தப்பில்லை என்றார் பிணவறை டாக்டரம்மா. இடுப்பெலும்பின் அகலம் வயசுக்கு வரும்போதே முடிவாகிவிடுமாம். அதற்குப் பிறகு போடும் ஊசி மீசையைக் கொடுக்கும், இடுப்பைத் திருப்பி வார்க்காதாம். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அந்த உண்மையைத் தூக்கி அவர் முகத்திலேயே வீச வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

"அளவு சரிதான் டாக்டர். அளந்து முடிச்சதும் இது காணாம போன பொண்ணாத்தான் இருக்கணும்னு நீங்களா முடிவு பண்ணீங்களே, அது யார் தப்பு?"

டாக்டரம்மா பெட்டியைத் திறந்தார்.

அப்பா பக்கத்து நாற்காலியில் இருந்தார். வீட்டை விட்டுப் போன மகனை உயிரோடு இருந்தவரை எட்டிப் பார்க்காத மனிதர், இப்போது வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மகளின் எலும்பைத் தானே வாங்கிக்கொள்வதாகவும், கல்லறையில் தான் வைத்த பெயரைத்தான் வெட்டப் போவதாகவும் நிதானமாகச் சொன்னார். சட்டப்படி முதல் உரிமை பெற்றவருக்குத்தான். ஆண் பெயரை ஊர் சிரிக்கும் என்று அக்காவுக்குப் புத்தி வேறு சொன்னார்.

ஒப்படைக்கும் முன்பு பழைய காயங்களைக் கேட்டுச் சரிபார்ப்பது அங்கே வழக்கம். டாக்டரம்மா இடது முன்கை எலும்பை எடுத்து மேஜையில் வைத்தார். நடுவில் முறிந்து, கோணலாகக் கூடியிருந்தது. இது எப்படி என்று கேட்டார். சைக்கிளிலிருந்து விழுந்தாள் என்றார் அப்பா.

விழுந்தால் பெரும்பாலும் மணிக்கட்டுப் பக்கம்தான் உடையும் என்றார் டாக்டரம்மா. முகத்தை மறைக்கக் கையைத் தூக்கும்போது அடி விழுந்தால்தான் நடுவில் இப்படி உடையுமாம்.

அப்பா சுவரைப் பார்த்தார்.

"முடியை வெட்டிக்கிட்டு வந்த அன்னிக்கு இரும்புக் கம்பியால அடிச்சாரு, டாக்டர். நீ ஆம்பளைன்னா இதைத் தாங்கு பார்க்கலாம்னு சொல்லிச் சொல்லி அடிச்சாரு." அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "அடிக்கறப்ப ஆம்பளையா இருந்தான். புதைக்கறப்ப மட்டும் எப்படிப்பா பொண்ணாயிட்டான்?"

டாக்டரம்மா தாளை அப்பாவின் முன் நகர்த்தினார். முறிவுக்கான காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டால் அவரே கொண்டுபோகலாம் என்றார். அப்பா பேனாவைத் திறந்தார். வெகுநேரம் அப்படியே பிடித்திருந்தார். பிறகு மூடி வைத்துவிட்டார்.

அக்கா தாளை இழுத்து, காரணத்தை ஒளிக்காமல் எழுதினாள். கீழே தம்பியின் பெயரை, அவனே வைத்துக்கொண்ட பெயரை, எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பெட்டியை அவள் தூக்கப் போகும்போது அப்பா எழுந்து வந்து ஒரு பக்கம் பிடித்தார்.

"கையை எடுங்க," என்றாள்.