லம்ஜித் முகம் சிவந்த கதை

ஆலிவ் பறிக்கும் காலத்தில் ஏணியிலிருந்து ஆண்கள் விழுவது எங்கள் ஸ்ஃபாக்ஸ் ஊர்ப் பக்கம் புதிதல்ல. லம்ஜித் விழுந்த அன்று அவசரப் பிரிவில் டாக்டர் நஸீஹா இருந்ததுதான் புதிது. அவனுக்கு முதலில் பேசி முடித்திருந்த பெண் அவள். அது முறிந்தபின்தான் ஷெத்லியாவைக் கட்டினான். நஸீஹாவின் பெயரை யாராவது எடுத்துவிட்டால், அன்று ஷெத்லியா வீட்டுக் குஸ்குஸில் உப்பு இருக்காது.

நான் பக்கத்து வீடு. ஷெத்லியாவைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே என்று வண்டியில் ஏறிக்கொண்டேன். வேடிக்கை பார்க்க அல்ல.

லம்ஜித் கண் செருகிக் கிடந்தான். கழுத்து அசையாமலிருக்கப் பட்டை, ஒரு கால் கோணல். முகமெல்லாம் மரத்துத் தூசி. கிளையிலிருந்து காய்களை உருவ விரல்களில் உறைபோல மாட்டும் ஆட்டுக்கொம்புகள்கூட வலது கையில் அப்படியே இருந்தன. நஸீஹா உள்ளே வந்ததும் ஷெத்லியா பார்த்தது அவளுடைய மோதிர விரலை. காலியாக இருந்தது. நானும் அதைத்தான் பார்த்தேன்.

"பிரஷர் இறங்கிட்டே போகுது டாக்டர்," என்றாள் நர்ஸ்.

"உள்ளே எங்கேயோ ரத்தம் கசியுது. வயித்தைப் பாரு."

கம்பளிச் சட்டையைத் தொப்புள்வரை தூக்கி ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார்கள். வயிற்றில் ரத்தமில்லை. நெஞ்சைப் பார்க்கச் சட்டையை வெட்ட நஸீஹா கத்தரியை எடுத்ததும் ஷெத்லியா குறுக்கே கை வைத்தாள்.

"ஏன், இந்த ஆஸ்பத்திரியில வேற டாக்டரே கிடையாதா?"

"இருக்காங்க. எல்லாரும் ஆபரேஷன்ல இருக்காங்க. கையை எடுங்க, ஷெத்லியா."

"ஓ, என் பேருகூடத் தெரியுமா?"

புருஷன் மூச்சு விசில் மாதிரி கேட்கிறது. இவளோ அதை விட்டுவிட்டுத் தன் முக்காட்டு நுனியை நனைத்து அவன் முகத்தைத் துடைத்தாள். அழுக்கு முகத்தோடு அவனை நஸீஹா பார்த்துவிடக் கூடாதாம். தூசி போன இடத்தில் ஹரிஸா மிளகாய் விழுதைப் பூசியதுபோல ஒரே சிவப்பு.

ஷெத்லியாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "பாத்தீங்களா அக்கா. சாகக் கிடக்கறப்பகூட இவ குரலைக் கேட்டதும் எப்படிச் சிவந்துட்டாரு. எனக்காக ஒருநாள் சிவந்திருப்பாரா இந்த மனுஷன்?"

நான் வாய் திறக்குமுன் நஸீஹா கத்தரியைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"சிவந்துட்டாருன்னேன். நீயே பாரு."

நஸீஹா அவன் கன்னத்தைத் தொட்டாள். "சூடா இருக்கு. ரத்தம் போற ஆளு வெளுத்து, சில்லுனு இருக்கணும். இவர் இப்படிச் சிவக்கவே கூடாது. சட்டையை நீங்களே கழட்டுங்க, சீக்கிரம்."

பெண்டாட்டி கையே கழற்றியது. நெஞ்சிலும் அக்குளிலும் பட்டை பட்டையாகத் தடிப்பு. உதடும் வீங்க ஆரம்பித்திருந்தது.

"அலர்ஜி. அட்ரினலின் கொண்டா," என்ற நஸீஹா, அதை அவன் தொடையில் தானே போட்டாள். ஆக்சிஜன் வைத்தார்கள், சலைன் ஓடியது. "இங்கே வந்தப்புறம் எந்த மருந்தும் கொடுக்கல. தோட்டத்துல ஏதாச்சும் கடிச்சுதா?"

யாருக்கும் தெரியவில்லை. நர்ஸ் கொம்புகளை ஒவ்வொன்றாக உருவினாள். நடுவிரல் கொம்பிலிருந்து நசுங்கிய குளவி ஒன்று விழுந்தது. விரல் அத்திப்பழம்போல வீங்கியிருந்தது. ராத்திரியெல்லாம் கொம்புகளை மரத்திலேயே தொங்கவிடுவது நம் ஆட்களின் வழக்கம். காலையில் உதறாமல் மாட்டியிருக்கிறான். கொட்டிய பிறகுதான் மயங்கி விழுந்திருக்கிறான்.

மெல்ல மெல்லப் பிரஷர் ஏறியது. விசில் நின்றது. லம்ஜித் கண் திறந்தபோது எதிரே நின்றது நஸீஹா. ஷெத்லியா அவன் கன்னத்தையே பார்த்தாள். மருந்து வேலை செய்து, முகம் மாவுபோல வெளுத்துக்கொண்டிருந்தது.

"குளவிதான்," என்றாள் ஷெத்லியா திருப்தியாக.

"அலர்ஜி மறுபடி வரலாம். நாளைவரைக்கும் என் கண் பார்வையிலேயே இருக்கணும்," என்றாள் நஸீஹா.

ஷெத்லியா அவள் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். பிறகு நாற்காலியை இழுத்து, கட்டிலுக்கும் டாக்டருக்கும் நடுவே போட்டு உட்கார்ந்தாள்.

"பாத்துக்க தாயி. நானும் பாத்துக்கறேன்."